பழைய ‘லை’: எழுத்துருவை மாற்றினால் போதுமா?

அச்சுப்பிள்ளை:
நேற்று இங்கே ஒருவர், பழைய லை வேண்டுமென்றால் எழுத்துருவை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தாத்தா 1931-இல் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அதில் மைக்கும் கைக்கும் இன்று போலவே முன்னால் வரும் இணைக்கொம்புதான் (ை). ணை, லை, ளை, னை நான்குக்கு மட்டும் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி எழுத்தோடு ஒட்டி மேலே ஏறும். அவர் சொன்னபடி மாற்றினேன், திரையில் தும்பிக்கை வந்தது. அதையே மின்னஞ்சலில் ஒட்டி அண்ணனுக்கு அனுப்பினால் அவருக்குப் புது லைதான் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் எழுத்து மாறவே இல்லையே! கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் பழைய லைக்குத் தனி இடம் கொடுத்திருக்க வேண்டும்.

குறிமுறை:
எழுதியது நான்தான். எழுத்து மாறக்கூடாது ஐயா. கணினி சேமிப்பது லகரம் ஒன்று, இணைக்கொம்பு ஒன்று, இரண்டே குறி. அவை சேர்ந்து வந்தால் எந்த உருவத்தை வரைவது என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணையின் வேலை. பிடிஎஃப் ஆக்கி எழுத்துருவை உள்ளேயே வைத்து அனுப்புங்கள், தும்பிக்கையும் கூடவே போகும்.

அச்சுப்பிள்ளை:
பிடிஎஃப் படம் மாதிரி. அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மறுபடி புது லை. நான் கேட்டது பழைய லை.

அரங்கத்தாள்:
தனிக் குறி கேட்பவர்கள் ‘ஸ்ரீ’ படும் பாட்டைப் பாருங்கள். 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶகரம் வந்த பிறகு ஸ்ரீயை ஸகரம் வைத்தும் ஶகரம் வைத்தும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், பார்வைக்கு ஒன்றுதான். எங்கள் கோவில் மலரில் ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதி அகப்படாது, இரண்டு முறை தேடித் தேடிக் கண் போனது. லைக்கும் அப்படி இரண்டு வைத்தால் ‘மலை’யைத் தேடுகிறவன் என்ன செய்வான்?

அச்சுப்பிள்ளை:
அம்மா, ஸ்ரீயைப் பற்றி யார் கேட்டார்கள்? லை பற்றிப் பேசுங்கள்.

ஈரோட்டான்:
பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் இந்தத் தும்பிக்கையை வெட்டி எறிந்தார். 1978-இல் எம்ஜிஆர் அரசு ஆணையே போட்டது. அதை ஏன் இப்போது தோண்டுகிறீர்கள்?

அச்சுப்பிள்ளை:
யாரும் எதையும் தோண்டவில்லை! 1931 புத்தகத்தை 1931 மாதிரியே போட வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு லை மாறட்டும், வேண்டாமென்று சொன்னேனா? தாத்தா கோத்த ஈய எழுத்தை நான் ஏன் திருத்த வேண்டும்? யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்துருவில் எது இருந்ததோ அது வந்தது.

குறிமுறை:
பாமினியா! அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். உங்கள் அண்ணனுக்கு இப்போது புது லையாவது போகிறது, அன்றைக்கு அதுவும் போயிருக்காது. பாமினியை யூனிகோடாக்க போன வருஷம் நான் எழுதிய மாற்றி நிரலையும் இப்படித்தான் குறை சொன்னீர்கள், பிறகு அதே நிரலில்தான் பாதிப் புத்தகத்தை மாற்றினீர்கள்.

அச்சுப்பிள்ளை:
அதில் ‘ஔ’ எல்லாம் ஒகரமும் ளகரமுமாக உடைந்து வந்தது, நாற்பது பக்கம் கையால் திருத்தினேன், மறந்துவிட்டதா? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். முன்னுரையில் ‘பழைய லை இது, புது லை இது’ என்று ஒரே வரியில் இரண்டையும் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது?

குறிமுறை:
ஒரே வரியில் இரண்டு எழுத்துரு போடுங்கள்.

அச்சுப்பிள்ளை:
நகலெடுத்தால்?

குறிமுறை:
ஏன் நகலெடுக்க வேண்டும்?

அச்சுப்பிள்ளை:
என் தாத்தா புத்தகத்தை நாலு பேர் எடுத்துப் போட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று 43-ஆம் பக்கம், முதல் வரியிலேயே ‘அலை’, ‘தலை’, ‘கலை’ மூன்றும் வருகின்றன. மூன்றிலும் தும்பிக்கை இருக்கிறது. உங்கள் இரண்டு குறியில் அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.