துவக்கு ஸ்டாண்ட் ஆடுகிறது, குழலில் துருவும் பிடிக்கிறது. உதவி தேவை

கந்தப்பளை விவசாயி:
வணக்கம். கந்தப்பளையில் கிழங்கும் லீக்ஸும் போடுகிறேன். காட்டுப்பன்றிக்காக எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. இரண்டுக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு, வருடா வருடம் புதுப்பிக்கிறோம். இவ்வளவு நாளும் அலுமாரிக்குப் பின்னால்தான் சாத்தி வைத்திருந்தோம். வீடு பழைய கருங்கல் கட்டடம். சுவரில் ஆணி இறங்காது, மழை மாதத்தில் வியர்த்து வழியும். அதனால் தனியே நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்ட் நானே அடித்தேன். சவுக்குப் பலகை, அடி ஆழம் 9 அங்குலம். குழல் சாயும் குறுக்குப்பலகை 32 அங்குல உயரத்தில், அதில் இரண்டு அரைவட்ட வெட்டு. கீறல் விழாதிருக்க வெட்டில் ஃபெல்ட் துணி ஒட்டினேன்.

கதவைப் பலமாகச் சாத்தினாலே ஸ்டாண்ட் ஆடுகிறது. ஒன்றை எடுத்தால் மற்றதோடு சரியப் பார்க்கிறது. அதைவிட மனதை உறுத்துவது துரு. மூன்றே வாரத்தில், ஃபெல்ட் பட்ட இடத்தில் மட்டும் பிறை மாதிரி செந்நிறத் துரு. குழலின் மற்ற பக்கமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன்.

பதுளை மரவேலை:
தம்பி, ஃபெல்ட்டை எதனால் ஒட்டினீர்கள்? பலகை காய்ந்ததா, ஆலையில் அறுத்த கையோடு வாங்கியதா?

கந்தப்பளை விவசாயி:
பைப் வேலைக்கு வாங்கிய சிலிகன் மிச்சம் இருந்தது அண்ணே, அதுதான். பலகை அறுத்து ஒரு மாதம் இருக்கும்.

பதுளை மரவேலை:
ஒட்டும்போது வினாகிரி மணம் மூக்கில் ஏறியிருக்குமே? அந்த வகை சிலிகன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும். இரும்புக்கு அது ஆகாது. போதாததற்கு ஃபெல்ட் பனி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பச்சைப் பலகையும் உள்ளிருந்து ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் உங்கள் குழல் சாய்ந்திருக்கிறது. துணியை உரித்து, பசையைச் சுரண்டி எடுங்கள். பலகை நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் அடித்து, மணம் முழுதாகப் போகும்வரை இரண்டு வாரமாவது விடுங்கள். வழுவழுப்பாகத் தேய்த்த மரத்தில் குழல் கீறாது, துணியே தேவையில்லை. இப்போதுள்ள துருவுக்கு மிக நைசான உருக்குப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து மெதுவாகத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கறுப்புப் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும்.

ஆட்டத்துக்கு 9 அங்குலம்தான் காரணம். அடியை 16 ஆக்குங்கள். துவக்கின் அடிக்கட்டை, அதாவது தோளில் பதிக்கும் மரப்பகுதி, நிற்கும் இடம் குறுக்குப்பலகைக்கு 5 அங்குலம் முன்னால் வரட்டும், துவக்கு தானாகப் பின்னே சாயும். அடிக்கட்டை வழுக்காமல் 1 அங்குல விளிம்பு கட்டுங்கள். அடிப்பெட்டிக்குள் நாலைந்து செங்கல் வையுங்கள், பாரம் கீழே இருந்தால் சரியாது. சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் இறப்பர் கால் போட்டு ஓர் அங்குலம் தூக்கிவிடுங்கள்.

அப்பாவின் துவக்கை நாங்கள் எண்ணெய் போட்ட அன்று இரவு மட்டும் குழல் கீழே பார்க்க வைப்போம். எண்ணெய் அடிக்கட்டைக்குள் இறங்கினால் மரம் கறுத்து மெத்துப்போகும்.

ஹப்புத்தளை அக்கா:
தம்பி, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?

கந்தப்பளை விவசாயி:
மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் அக்கா. அண்ணன் மகனுக்கு ஐந்து வயது.

ஹப்புத்தளை அக்கா:
அப்படியென்றால் திறந்த ஸ்டாண்ட் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலையும் பிரித்து, பூட்டிய வேறொரு பெட்டியில் வைப்போம். ஸ்டாண்டில் நிற்பது வெறும் அடிக்கட்டைதான். தோட்டா இன்னொரு அறையில், அதற்குத் தனிப் பூட்டு. விசைக் காப்பு வளையங்களுக்குள் சங்கிலி விட்டுப் பூட்டி, அதைத் தரையில் இறுக்கிய போல்ட்டோடு சேர்த்துவிடுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே துவக்கை மடித்துத் திறந்து, உள்ளே வெறுமை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அசதியில் வருகிற நாளில்தான் மறந்துபோகும். துரு பிடித்தால் தேய்த்து எடுத்துவிடலாம், பிள்ளை விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை தம்பி.

கந்தப்பளை விவசாயி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஃபெல்ட்டை உரித்தேன், அடியில் இன்னும் புளிப்பு மணம் இருக்கிறது. பலகைகளை அடுப்படிப் பரணில் காய வைத்திருக்கிறேன். அண்ணனோடு பேசி, இன்றே இரண்டு குழலையும் கழற்றித் தகரப் பெட்டியில் பூட்டியாயிற்று. ஒரு சாவி என்னிடம், மற்றது அண்ணியிடம். 16 அங்குல அடிக்குப் பலகை போதவில்லை, ஞாயிறு இராகலைக்குப் போய் வாங்க வேண்டும்.