ஞாயிறு ஆட்டத்தின் கடைசி விசில்

குழு: தாத்தா வீட்டுக் குடும்பம், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அக்கா, மாலை 5.40
அனைவருக்கும் வணக்கம். இன்று காலை நம் பையனுடைய 14 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுக்கு ஒரு கார்னர், அதாவது மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. அவன் பந்தைக் கொடிக்கம்பத்தருகே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போவதற்குள் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். தானே கொடுத்த கார்னரை எடுக்கவிடாமல் ஆட்டத்தை முடிக்க அவருக்கு உரிமை உண்டா, மாமா? விதியை மீறிவிட்டார் என்று பெற்றோர்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். புகார் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள்.

பெரிய மாமா, மாலை 5.58
உரிமை உண்டு அம்மா. கால்பந்தில் நேரம் முழுக்க நடுவரின் கையில்தான் இருக்கிறது. நேரம் முடிந்தபின் கட்டாயமாக எடுக்கவிட வேண்டியது பெனால்டி ஒன்றுதான் என்று ஏழாவது விதி சொல்கிறது. அதற்காக மட்டும் அந்தப் பாதி நீட்டிக்கப்படும். கார்னருக்கோ, ஃப்ரீ கிக்குக்கோ, த்ரோவுக்கோ அந்தச் சலுகை இல்லை. பிள்ளைகள் மனமுடைந்துபோனது எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதை விதிமீறல் என்று சொல்ல முடியாது.

தம்பி, மாலை 6.05
அப்படியானால் தொலைக்காட்சியில் ஆட்டத்தின் கடைசியில், சேர்க்கும் நேரம் 5 என்று பலகை காட்டுகிறார்களே, மாமா, அந்த 5 நிமிடம் முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிட வேண்டாமா? சில நேரம் 7 நிமிடம்கூடப் போகிறதே.

பெரிய மாமா, மாலை 6.21
பலகையில் காட்டுவது குறைந்தபட்ச நேரம், தம்பி. அதை நடுவர் கூட்டலாம், ஆனால் குறைக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆட்டக்காரரை மாற்றுவது, காயம்பட்டவரைப் பார்ப்பது, அட்டை காட்டுவது, வீடியோ பரிசோதனை, கோல் கொண்டாட்டம், வேண்டுமென்றே நேரம் கடத்துவது என்று வீணான நேரத்தையெல்லாம் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார். அந்த 5 நிமிடத்துக்குள்ளேயே யாராவது விழுந்து கிடந்தால் அதற்கும் சேர்த்து ஆட்டம் நீளும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இந்தக் கணக்கைக் கறாராகப் பார்க்கச் சொன்னார்கள். இங்கிலாந்தும் ஈரானும் மோதிய ஆட்டத்தில் ஈரானின் கோல்கீப்பர் தலையில் அடிபட்டுக் கிடந்ததால் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். அதே ஆட்டத்தில் ஈரானின் கடைசிக் கோல் 90 நிமிடத்துக்கு மேல் 13ஆம் நிமிடத்தில் விழுந்தது. என்னைக் கேட்டால் அதுதான் நியாயமான முறை, ஏனென்றால் தரையில் படுத்துப் புரள்பவனுக்கு அதனால் ஒரு நொடிகூட லாபமாகக் கிடைப்பதில்லை.

நான் விசில் ஊதிய காலத்தில் இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டியிருப்பேன். இடக்கையில் இருப்பது நிற்காமல் ஓடும். வலக்கையில் இருப்பதை ஆட்டம் வெகுநேரம் தடைப்படும்போதெல்லாம் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்திவிட்டு, பந்து மறுபடி உருண்டதும் மீண்டும் ஓடவிடுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேர்க்க வேண்டிய நேரம். சிறுவர் ஆட்டத்தில் பலகையும் இல்லை, அதைத் தூக்கிக் காட்டும் நான்காவது நடுவரும் இல்லை. அதனால் எவ்வளவு நேரம் சேர்த்தார் என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது, சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

சின்ன மாமா, மாலை 6.30
ரக்பியில் இந்தத் தகராறே கிடையாது, அண்ணா. நேரம் முடிந்து ஹூட்டர் ஒலித்தாலும் பந்து ஆட்டத்தை விட்டு நீங்கும்வரை விளையாடலாம். மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும். கால்பந்திலும் அப்படி வைத்துவிட்டால் என்ன?

பெரிய மாமா, மாலை 6.44
வைக்கலாம்தான். ஆனால் முன்னிலையில் இருக்கும் கால்பந்து அணி அந்த நொடியே பந்தைப் பார்வையாளர் பக்கம் உதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். பின்தங்கிய அணிக்கு அதனால் பெரிய பயன் இராது. பெனால்டி விதி எவ்வளவு பெரியது என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோமே! 2010 ஜூலை 2 அன்று சாக்கர் சிட்டி மைதானத்தில் கானாவும் உருகுவேயும் ஆடிய உலகக் கோப்பைக் காலிறுதியில், ஆட்டம் சமனானதால் தந்த கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் உருகுவேயின் சுவாரஸ் கோலுக்குள் போகவிருந்த பந்தைக் கையால் தடுத்தார். அவரை வெளியேற்றிவிட்டு, நேரம் கடந்திருந்தும் கானாவின் ஜியானைப் பெனால்டி அடிக்கவிட்டார்கள். பந்து மேல் கம்பத்தில் பட்டுப் பறந்தது, அத்தோடு கூடுதல் நேரம் முடிந்தது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கார்னர் கிடைத்திருந்தால், அதை அடிக்கவிடுவதும் விடாததும் நடுவரின் விருப்பமாகவே இருந்திருக்கும்.

அக்கா, மாலை 6.52
மாமா, பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறான். பந்தை அடித்துவிட்டு, அது காற்றில் இருக்கும்போது விசில் வந்திருந்தால் கோல் உண்டா என்று கேட்கிறான்.

பெரிய மாமா, மாலை 7.10
கிடையாது, கண்ணா. விசிலுக்கு முன்பே பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். 1978 உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்வீடனும் 1-1 என்று இருந்தபோது இதுவேதான் நடந்தது. பிரேசிலின் நெலின்யோ அடித்த கார்னரை அதே அணியின் ஜிகோ தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார், ஆனால் பந்து காற்றில் வரும்போதே வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதியிருந்தார். கோல் செல்லவில்லை. சட்டப்படி அவர் செய்தது சரி. இருந்தாலும் இன்றுவரை அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த விசில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதனால்தான் அனுபவமுள்ள நடுவர்கள் நேரம் முடிந்தாலும் பந்து நடு மைதானத்துக்கு வரும்வரையோ, கோல் கிக்கில் உயரே பறக்கும்வரையோ பொறுத்திருந்து ஊதுவார்கள். விதிப்புத்தகத்தில் அது இல்லை, வழக்கம் மட்டுமே. நேரம் முடிந்துவிட்டது என்றால், இன்றைய நடுவர் பந்து கோட்டுக்கு வெளியே போன அந்த நொடியிலேயே ஊதியிருக்க வேண்டும். கார்னர் என்று கையைக் காட்டி, பையன் ஓடிப்போய்ப் பந்தை வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு ஊதியது விதிக்குள் அடங்கும். ஆனால் நான் ஒருபோதும் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

தம்பி, மாலை 7.16
அப்படியானால் புகார் எழுதுவதில் தவறில்லையே, மாமா?

பெரிய மாமா, மாலை 7.25
எழுதிப் பலன் இருக்காது. 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் துனிசியாவும் மாலியும் ஆடியபோது, ஜாம்பியா நாட்டு நடுவர் வெப்பத்தால் உடல்நிலை குலைந்து 85ஆம் நிமிடத்தில் ஒருமுறை ஊதினார். ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டு, 90 நிமிடம் நிறைவதற்குச் சில நொடிகள் இருக்கும்போதே முடித்தும்விட்டார். துனிசியா முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தும் மாலியின் 1-0 வெற்றி அப்படியே நின்றது. அங்கே முழு நேரமே ஆடப்படவில்லை, அதற்கே அந்த முடிவு என்றால் நம் கார்னருக்கு யார் செவிசாய்ப்பார்கள்?

அதைவிட, அடுத்த வாரம் தொடங்கும் முன்பே ஒரு பாதிக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பயிற்சியாளர் நடுவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். கடைசி நிமிடங்களில் அணித்தலைவன் நடுவரிடம் போய், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்கலாம்; பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். 20 நொடிதான் என்று தெரிந்திருந்தால் நம் பையன் பந்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

அக்கா, மாலை 7.31
இதை அப்படியே பெற்றோர் குழுவுக்கு அனுப்புகிறேன், மாமா. புகார்க் கடிதம் வேண்டாம் என்று பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுகிறேன்.