மலையேறினால் அணைந்துபோகும் அம்பாசிடர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா வாங்கிய 1982 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மலை அடிவாரம் வரை அருமையாக ஓடுகிறது. ஏற்காடு ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பத்தைத் தாண்டியதும் திணறி, விட்டுவிட்டு அடித்து, அப்படியே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது.

முதலில் பெட்ரோல்தான் ஆவியாகி அடைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நின்ற இடத்திலேயே கார்புரேட்டருக்கு பெட்ரோல் சரியாக வந்தது. அப்புறம், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் நடு வயரைக் கழற்றி இன்ஜின் பக்கத்தில் காட்டி, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நூல் போல மஞ்சள் பொறி. காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறிய பிறகு அதே வயரில் நீலப் பொறி, 'சட் சட்'டென்று சத்தத்தோடு.

மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை கருகாமல் காக்கும் கன்டென்சரைப் புதிதாக மாற்றினேன். ஒரே வாரத்தில் அந்தத் தொடுமுனை, அதாவது பாயின்ட், கருகி, ஒரு முகத்தில் சிறு மேடு விழுந்துவிட்டது. தேய்த்து 0.4 மி.மீ. இடைவெளி வைத்திருக்கிறேன். புதிய கன்டென்சரே மோசமா, காயில் சூட்டில் சாகிறதா? பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன எர்த் வயர் மேலும் சந்தேகம் உண்டு. சூடாக இருக்கும்போதே காயிலைச் சோதிக்க வழி இருக்கிறதா?

எலக்ட்ரானிக் செட்டுக்கு மாற்ற மனமில்லை. பாயின்ட்டோடுதான் ஓட வேண்டும். சேலத்தில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வேலை தெரிந்த மேஸ்திரி யாராவது இருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அப்பாவை இந்த வண்டியில்தான் மேலே கூட்டிப்போக வேண்டும்.