வீட்டுக் குழு: கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கிலம்

பெரியப்பா: (முன்னனுப்பியது) அந்தக் கால இங்கிலாந்தில் நாயும் பூனையும் வீட்டுக் கூரைமேல் தூங்குமாம். பெருமழையில் வழுக்கி விழுமாம். அதனால்தான் மழை கொட்டுவதை 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்கிறார்களாம்! பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.

சுதா அத்தை: அண்ணே, இதை நம்பாதீங்க. தொடர் பழையதுதான், 1738இலேயே எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதியிருக்கிறார். கூரைக் கதைதான் புதிது, 1999இல் மின்னஞ்சலில் கிளம்பியது. தண்ணீர் வழிந்தோட இறுக்கி வேய்ந்த கூரையில் நாய் ஏறிப் படுக்க இடம் ஏது?

பெரியப்பா: அப்போ உண்மையான கதை உள்ளதாக ஒன்று சொல்லும்மா.

கவின்: அத்தை, 'டேக்கன் அபேக்' எங்கள் பாடத்தில் இருக்கு. திகைத்துப் போவது என்று மிஸ் சொன்னாங்க.

சுதா அத்தை: அது கப்பல்காரர்கள் சொல்டா. பாய்மரக் கப்பல் நல்ல வேகத்தில் போகும்போது காற்று சட்டென்று மாறி முன்பக்கத்திலிருந்து அடிக்கும். பாய் அப்படியே மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் நின்றுவிடும், பின்னாலும் நகரும். காற்று பலமாக இருந்தால் மரமே முறியும். மனிதர் திகைத்து நிற்பதற்கு அந்தச் சொல் வந்தது அப்புறம்தான்.

கவின்: பொதுவாகப் பார்த்தால் என்பதற்கு 'பை அண்ட் லார்ஜ்' என்கிறார்களே, அது?

சுதா அத்தை: அதுவும் கடல்தான். எதிர்க்காற்றை ஒட்டி ஓடுவது 'பை', பின்காற்றில் ஓடுவது 'லார்ஜ்'. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பலை அப்படிச் சொல்வார்கள்.

சித்தப்பா: அக்கா, குடித்துத் தள்ளாடுகிறவரை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பார்களே? ஷீட் என்றால் பாய்தானே?

சுதா அத்தை: இல்லடா, கயிறு. பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறு. அது அவிழ்ந்தால் பாய் படபடவென்று அடிக்கும், கப்பல் சொன்னபடி கேட்காது. மூன்று கயிறும் போனால் தள்ளாட்டம்தான்.

தாத்தா: அந்தக் கயிற்றை நாங்கள் தாமான் என்போம். கொழும்புக்குத் தோணி ஓட்டினபோது திடீர்க் காற்று வந்தால் முதலில் தாமானைத்தான் இளக்குவோம். இறுக்கிப் பிடித்தால் தோணி சாய்ந்துவிடும். ஒரேயடியாக விட்டாலும் பாய் அடித்துக் கிழியும். கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கை காய்த்துப் போகும்.

கவின்: தாத்தா, இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே!

சுதா அத்தை: அப்பா, இதைக் குரல்பதிவாக அனுப்புங்க. திங்கட்கிழமை என் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன்.

தாத்தா: சரிம்மா. சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன். பாய் இறக்குகிற விதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.