காரீயத் தகட்டில் செய்த உருவத்தின் கை ஏன் தொங்குகிறது?

களிமண்கை:
ஒரு மில்லிமீட்டர் காரீயத் தகட்டைக் களிமண் உருவத்தின் மேல் போர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, முழங்கால் உயரச் சிலையொன்றைச் செய்து, பின்னர் களிமண்ணை அகற்றிவிட்டேன். செம்பைப் போல அவ்வப்போது சூடேற்றி இளக்க வேண்டிய தேவையே இல்லாமல், கண்ணிமையின் மடிப்பு வரை தகடு படிந்துகொடுத்தது. ஆனால் எட்டே மாதங்களில், நீட்டியிருந்த கை இரண்டு விரற்கடை தாழ்ந்து, தோளில் சுருக்கம் விழுந்துவிட்டது. முதுகில் மாவு போல வெண்பொடியும் பூத்திருக்கிறது. மர அலமாரியில் யாரும் தொடாமல்தான் வைத்திருந்தேன். எங்கே பிழை?

வார்ப்புப்பட்டறை:
சுத்தி பிடித்த கையில் பிழையில்லை. உள்ளே தாங்குகம்பி வைக்காததுதான் பிழை. காரீயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகுவதால், அறை வெப்பமே அதற்கு ஓர் இளஞ்சூடு. சுத்தியடியில் குலையும் படிகங்கள் அந்த வெப்பத்திலேயே புதிதாக அமைந்துவிடுவதால் தகடு இறுகுவதில்லை. உங்களுக்கு இமை மடிப்பைத் தந்த அதே குணம்தான் கையையும் தொங்கவிட்டது. நீரைப்போல 11 மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள பொருள், தன் எடையாலேயே மெல்ல மெல்ல வழிகிறது. பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லி தம் உடலின் அச்சின் மேல் காரீயத் தகடு போர்த்திய உருவங்களுக்குள் கண்ணாடியிழையும் பிளாஸ்டரும் இருக்கும். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1969-இல் நான்கு தகடுகளைப் பற்றவைக்காமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தியபோது, ஆன்டிமனி என்ற தனிமத்தைக் கலந்து கடினப்படுத்திய காரீயத்தையே பயன்படுத்தினார்.

அருங்காட்சிக்காப்பு:
வெண்பொடிக்குக் காரணம் பெரும்பாலும் அலமாரிதான். மரமும், குறிப்பாக ஓக் மரமும், ஒட்டுப்பலகையின் பசையும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை அரித்துக் கார்பனேட்டாக மாற்றுகிறது. ஓவியர்கள் முற்காலத்தில் ஈய வெள்ளை நிறமியைப் பெற, காரீயத்தைப் புளிக்காடி ஆவியில் வேண்டுமென்றே வைத்தார்கள். உங்கள் அலமாரி அதையே கேட்காமல் செய்திருக்கிறது! பொடி நஞ்சு என்பதால், அதை உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். தூசு வடிகட்டும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நன்கு உலர்த்தி, கண்ணாடி அல்லது உலோகப் பேழைக்கு மாற்றுங்கள்.

களிமண்கை:
இருவருக்கும் நன்றி. தோளை அறுத்துக் கம்பி செருகினால் தழும்பு தெரியாதா?

வார்ப்புப்பட்டறை:
கத்தியால் அறுங்கள், சாணைச் சக்கரம் வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குள் போகும். வெட்டிய விளிம்பு முதலில் வெள்ளிபோல நீலம் கலந்து மின்னும். சில நாட்களில் சுற்றுப்புறத்தைப் போலவே சாம்பல் நிறத்துக்கு மங்கிவிடும். வெட்டை மூட உருக்கி ஒட்டும் உலோகமான பற்றாசு வைத்த கோடு மட்டும், வெள்ளீயம் கலந்திருப்பதால், சற்று வெளிறித் தெரியும்.