பிள்ளைகளை நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கு வரவைக்க எங்கிருந்து தொடங்குவது?

மேலத்தெரு (கேள்வி):
டெல்டா பக்கம் பேரூராட்சி ஒன்றில் நடுநிலைப் பள்ளி. பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு வீடு ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் காலையில் வாசல் முழுக்க பைக்கும் ஷேர் ஆட்டோவும்தான். சின்ன வகுப்புகளை நடத்திக் கூட்டிவரவும், 6 முதல் 8 வரை உள்ளவர்களைச் சைக்கிளில் வரவைக்கவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு ஓடுகிறது. நடுவில் ஒரு மாநில நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் பெற்றோர் தயங்குகிறார்கள். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

நடராஜா சர்வீஸ்:
மொத்தப் பள்ளிக்கும் ஒரே நாளில் அறிவிக்காதீர்கள். அதிகப் பிள்ளைகள் வருகிற ஒரே ஒரு வழி, வாரத்தில் ஒரே ஒரு நாள் போதும். வழியில் மூன்று நான்கு இடங்களைக் குறித்து (ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி மாதிரி) ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள். 8.25 என்றால் 8.25தான், யாருக்காகவும் நிற்கக் கூடாது. ஒரு தடவை காத்திருந்துவிட்டால் மறுவாரம் எல்லோரும் ஐந்து நிமிடம் தள்ளித்தான் வருவார்கள். சின்னக் கால்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். ஒன்றாம் இரண்டாம் வகுப்பு என்றால் நாலைந்து பேருக்கே ஒருவர் வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கட்டாயம். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்கணும்.

நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பலரும் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக விடுகிறார்கள். வால் நீண்டு, கடைசிப் பிள்ளை நடுரோட்டில் நிற்கையில் லாரி வந்துவிடும். ஓரத்திலேயே வரிசையை நிறுத்தி, எல்லோரையும் ரோட்டைப் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வண்டி நின்ற பிறகு பக்கவாட்டில் சேர்ந்தாற்போல ஒரே நடையாகக் கடக்கட்டும். எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர் கடக்கும் நேரம்தான் ஆகும். ஒன்பது பத்து வயது வரை வண்டியின் வேகத்தைப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது. அதனால் "பார்த்துப் போ" என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

இந்த ஏற்பாடு படுத்துவிடுவது பெரும்பாலும் ஆள் வராததால்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருவர், அவர் வராவிட்டால் இன்னொருவர் என இரண்டு பெயர் எழுதி வையுங்கள்.

ரெண்டுசக்கரம்:
சைக்கிள் பக்கம் நான் சொல்றேன். "வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கிடுவோம்"னு வாங்குறதுதான் முதல் தப்பு. பாருக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு நின்னா, பாதம் முழுசா தரையில படணும், பாருக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். தோராயமா 115–130 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 20 இஞ்சு சக்கரம், 145 வரைக்கும் 24, அதுக்கு மேல 26. பழகும்போது சீட்டை இறக்கி விடுங்க.

அப்புறம் பிரேக். லீவர் தூரமா இருந்தா சின்ன விரல் எட்டாது. லீவர்ல குட்டி ஸ்குரு இருக்கிற மாடல்னா அதைத் திருகிக் கிட்ட கொண்டு வரலாம். பிரேக் கட்டை ரிம்லதான் படணும், டயர்ல உரசினா டயர் அறுந்துடும். ஐப்பசி கார்த்திகை மழையில ரிம் நனைஞ்சா பிரேக் லேட்டாத்தான் பிடிக்கும். முன்கூட்டியே லேசா ரெண்டு தடவை பிடிச்சு ஈரத்தை வழிச்சுவிடப் பழக்குங்க.

அண்ணன் அக்காவுக்கு பதினொண்ணாவதுல கிடைச்ச அரசு சைக்கிளைத் தம்பி ஓட்டினா, காட்டர் பின்னை (பெடல் தண்டை நடு அச்சோட சேர்த்துப் பிடிக்கிற ஆப்பு) பாருங்க. மிதிக்கும்போது 'டக் டக்'னு சத்தம் வந்தா பின் லூஸ். அப்படியே ஓட்டினா பின் தேய்ஞ்சு பள்ளம் விழுந்துடும், அப்புறம் நட்டை முறுக்கிப் பிரயோஜனமில்லை, பின்னையே மாத்தணும். சின்னச் செலவுதான். செயின் நடுவுல விரலால அழுத்தினா அரை இஞ்சு ஆடணும். அதுக்கு மேல தொங்கினா கழன்டுடும், இறுக்கமா இருந்தா மிதிக்கவே கனக்கும்.

பையைத் தோள்ல மாட்டி ஓட்ட வேண்டாம், கேரியர்ல பழைய ட்யூப் போட்டுக் கட்டுங்க. பை வார் தொங்கினா ஸ்போக்ஸ்ல சுத்திக்கும். சுடிதார் ஷாலும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் பின் குத்தி முடிஞ்சு விடணும், செயின் கவர் கட்டாயம்.

ரோடுரோலர்:
நெடுஞ்சாலைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல்தான் பல மனுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர், ஊருக்குள் தெரு என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை இணைத்துக் கொடுங்கள், ஒரு நகல் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. எத்தனை மணிக்கு எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும், இடத்தின் போட்டோவும் இருக்கட்டும்.

வேகத்தடையை ஊர்க்காரர்களே சிமெண்டில் கட்டிவிடாதீர்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (IRC) அளவுப்படி 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம், வளைவாக. கடைத்தெருவில் போடுகிற குறுகலான மேடு பைக்கை நிறுத்துகிறதோ இல்லையோ, சைக்கிள் பிள்ளையைக் கட்டாயம் தூக்கிப் போடும். வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாத தடை இரவில் ஆபத்து.

வாசலில் பைக்குகளை நூறு மீட்டர் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். மாலையில் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் பத்து நிமிடம் முன்னால் விட்டால், மறுநாளே நாலு பேர் நடக்க ஆசைப்படுவார்கள்! எட்டாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டியில் வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு என்பதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

மேலத்தெரு:
மூவருக்கும் நன்றி. இன்னொன்று: தங்கையை கேரியரில் உட்காரவைத்து வரலாமா என்று கேட்கிறார்கள்.

ரெண்டுசக்கரம்:
எட்டாவது படிக்கிற பிள்ளை டபுள்ஸ் வேண்டாம். பாரம் பின்னால போனா முன்சக்கரம் ஆடும், பிரேக்கும் பத்தாது. அதைவிட, தொங்குற கால் ஸ்போக்ஸ்ல மாட்டினா குதிகால் சதை பிஞ்சுடும். அப்பா கூட்டிட்டு வர்ற சைக்கிள்னாலும் ரெண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பி, பின்சக்கரத்துக்கு வலைத்தடுப்பு, காலில் ஷூ இருக்கட்டும். தங்கச்சி அந்த நடை வரிசையிலயே வரட்டும்.