ஃபிளிம்சி: மெல்லியதா, நொய்வானதா?

அனைவருக்கும் வணக்கம்.

தரச் சோதனைக் கையேட்டை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஃபிளிம்சி (flimsy) என்ற ஓர் ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான தமிழ் அமையாமல் இரண்டு நாளாக வேலை நிற்கிறது. 'மெல்லிய' போதும் என்று நேற்றே பலர் எழுதினீர்கள். எனக்கு ஒப்பவில்லை. மெல்லியது குறையல்ல, பட்டும் மெல்லியது, பூவிதழும் மெல்லியது. கையேடு பேசுவது குறையுள்ள மூடியைப் பற்றி: கட்டைவிரலால் அழுத்தினால் டொக்கென்று குழிந்து, விரலை எடுத்தபின் பாதிதான் திரும்பும். தகட்டின் தடிப்பைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் மெல்லிய தாளைக்கூட நெளி அட்டையாக்கினால் சுமை தாங்குகிறது. ஆகவே மென்மை வேறு, வேலைக்கு ஈடுகொடுக்காமை வேறு.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையின் 4 காலன் பெட்ரோல் தகரங்கள் தையல் விட்டு ஒழுகின. வீரர்கள் அவற்றுக்கு வைத்த பெயரே ஃபிளிம்சிதான். 'மெல்லிய தகரம்' என்றால் அந்த ஆற்றாமை வருமா?

புலவர் ஐயா 'நொசிவு' தந்தார். "நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை" என்கிறது தொல்காப்பிய உரியியல். அங்கே பொருள் நுண்மை, ஐயா. இடையழகைப் பாடிய சொல்லைப் பழுதான மூடிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

என் தேர்வு 'நொய்வான'. நொய்ம்மையில் இலேசும் உண்டு, வலுவின்மையும் உண்டு. நொய் என்றால் குருணைதான் நினைவுக்கு வரும் என்றார் ஒரு நண்பர். வரட்டுமே, நொறுங்கியது என்ற எண்ணம் இங்கே துணைதான்.

ஆங்கிலத்தில் காரணத்தையும் சாட்சியத்தையும்கூட ஃபிளிம்சி என்பார்கள். அவற்றுக்கு இதே சொல் வேண்டாம். 'சப்பைக் காரணம்' என்று பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. 'நொண்டிச் சாக்கு' உடற்குறையை இழிவாக்குவது. அதை நான் எழுத மாட்டேன்.

---

வணக்கம் ஐயா. படிக்கப்போகிறவர் கையில் திருப்புளியோடு நிற்பவர். 'நொய்வான' என்றால் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். 'வலுவற்ற' என்று போட்டால் யாருக்கும் புரியும். புரியாத தூய்மை எதற்கு?

---

அம்மா, பெரிய சுமைக்கு முன் தடித்த இரும்புக் கம்பிகூட வலுவற்றதுதான். ஆனால் அதை யாரும் ஃபிளிம்சி என்பதில்லையே? நேரம் இல்லாததால் முதல் இடத்தில் 'நொய்வான, அதாவது அழுத்தினால் குழியும்' என்று விரித்து எழுதிவிட்டேன். அடுத்த இடங்களில் 'நொய்வான' மட்டும். உங்கள் மறுப்பை அச்சுக்கு முந்தைய திருத்தத்தில் மறுபடி எழுப்புங்கள். அதுவரை கோப்பை மூட மாட்டேன்.